துணி ஆட்டும் வரை

மலைக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்தாவிட்டால் அது மலையாகத் தெரியாது, தட்டில் கொட்டிய சர்க்கரைக் குவியல் மாதிரித்தான் தெரியும். இது படக்கடை முதலாளி நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம். முதல் வருஷம் அவர் ஆளே இல்லாத பனிமலைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டணத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் கையில் வாங்கிப் பார்த்து, எவ்வளவு உயரம் என்று கேட்டு, சொன்ன பதிலை நம்பாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு சுமைகூலியைப் படத்தின் ஓரத்தில் நிறுத்தினார். விற்றது. அதற்கப்புறம் அவரே இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஆள் எவ்வளவு குட்டையோ, மலை அவ்வளவு பெரியது.

அரைப்படிக்கு அந்த வேலை கிடைத்தது அப்படித்தான். உயரத்தை வைத்து ஊர் வைத்த பெயர் அது. கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு முதலாளியின் பின்னால் மலையேறுகிற கூலிகளில் அவன்தான் எல்லாரையும்விடக் குட்டை. முதலாளி அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "நீ இனிமே பெட்டி தூக்க வேண்டாம், சும்மா நின்னா போதும்" என்றார். கூலிகள் எல்லாம் வயிறெரிந்தார்கள்.

சும்மா நிற்பது அவ்வளவு சும்மா இல்லை. அந்தக் காலத்தில் கண்ணாடியில் மருந்தைப் பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அதற்காக ஒரு இருட்டுக் கூடாரத்தையே மலைமேல் சுமந்துபோவார்கள். பெட்டியின் கண்ணாடிக் கண்ணுக்குப் போட்ட மூடியை முதலாளி கையால் கழற்றுவார், மனசுக்குள் எண்ணுவார், மறுபடி மூடுவார். அதுவரைக்கும் எதிரே நிற்பவன் இம்மி அசையக் கூடாது. ஆள் நிற்பது பள்ளத்துக்கு அந்தப் பக்கம், குரல் எட்டாத தூரத்தில். ஆகவே மூடி போட்டதும் இந்தப் பக்கமிருந்து ஒரு சிவப்புத் துணியை ஆட்டுவார்கள். துணி ஆடினால் ஆள் நகரலாம்.

அந்தத் துணி இருந்தது ஏணியின் கையில். ஏணி, அரைப்படியின் மச்சினன். கூடப்பிறந்த அக்காளை அரைப்படிக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, மாமாவின் தலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தான். முதலாளிக்கு வலது கை. மருந்து கலக்குவான், கூடாரம் அடிப்பான், முதலாளி சிரிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே சிரிப்பான்.

முதல் தடவை நின்றபோது அரைப்படிக்குக் குளிர் தாங்கவில்லை. தலை ஆடிவிட்டது. கழுவிப் பார்த்தால் மலை கல்லில் செதுக்கியது போல் இருக்க, அதன் ஓரத்தில் மூன்று தலையோடு ஒரு புகைமூட்டம். ஒரு நாள் ஏற்றம், ஒரு தகடு, எல்லாம் வீண். முதலாளி கை நீட்டவில்லை, திட்டக்கூட இல்லை. நகைச்சுவை உணர்வு உள்ளவர். அந்தப் படத்தைக் காகிதத்தில் எடுத்து, முட்டை அறைக் கதவில் ஆணியடித்து மாட்டச் சொன்னார்.

முட்டை அறையில்தான் அரைப்படியின் மனைவி வேலை செய்தாள். படக் காகிதத்துக்கு வெள்ளைக்கரு பூச வேண்டும். அதற்காக விடிந்ததிலிருந்து வரிசையாக உட்கார்ந்து முட்டை உடைக்கிற பெண்கள் அவர்கள். வெள்ளைக்கரு கடைக்கு, மஞ்சள்கரு தோல் பதனிடுகிறவனுக்கு, அந்த வாடை மட்டும் இவர்களுக்கு. காலையில் உள்ளே வந்த ஒவ்வொருத்தியும் கதவில் நின்று படத்தைப் பார்த்தாள். வாய்க்குப் பட்டாசு என்று பெயர் வாங்கிய ஒருத்தி முட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏண்டி, மூணு தலையில எந்தத் தலை உன்கூட படுத்துக்குது?"

முதல் நாள் அரைப்படியின் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் நாள் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்ப் புருஷனைச் சுவரோடு நிறுத்தி, கையில் மலைக்கோலுக்குப் பதிலாக விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

"நில்லுங்க. அடுப்புல தண்ணி வச்சிருக்கேன். கொதிக்கிற வரைக்கும் அசையக் கூடாது."

தினமும் நடந்தது இந்தப் பயிற்சி. முதலில் அரைப் பானைத் தண்ணீர், பிறகு முக்கால் பானை, பிறகு தளும்பத் தளும்ப. கட்டிலில் கிடந்த மாமியார்க் கிழவி, கண் சரியாகத் தெரியாதவள், என் பிள்ளை என்ன குற்றம் செய்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏணி வந்தால் வேடிக்கை இன்னும் கூடும். மாமாவின் காதில் துரும்பை விடுவான். சட்டைக்குள் எறும்பைப் போடுவான். அரைப்படி கண்ணில் நீர் முட்ட நின்றான், நகரவில்லை. கடைசியில் ஏணியே சலித்துப்போய், "நீங்க மனுஷனா மரமா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது அவள் புருஷனின் கம்பளிச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடிவிட்டுச் சொன்னாள்: "துணி ஆட்டுற வரைக்கும் அசையாதீங்க. இன்னொரு தடவை மூணு தலையோட வந்தீங்கன்னா வீட்டுக்கே வர வேணாம்."

"ஆட்டுற வரைக்குந்தானே? நின்னுடறேன்" என்றான் அரைப்படி.

அவன் திரும்பி வரவில்லை.

முதலாளி சொன்னது இதுதான். படம் நன்றாக வந்தது. ஏணி துணியை ஆட்டினான். ஆட்டியதும் ஒழுங்காக வந்த வழியில் திரும்பாமல், அந்த ஆள் குழந்தை மாதிரி பனி விளிம்பில் விளையாடப் போனான். விளிம்பு உடைந்தது, ஆள் பள்ளத்தில் போய்விட்டான், எடுக்க முடியவில்லை. ஏணி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். ஆமாம் அக்கா, நான் கத்தினேன், மாமா கேட்கவில்லை என்றான்.

ஊருக்கு இது போதும். நிற்கத் தெரியாதவன் என்று ஏற்கனவே கதவில் படம் மாட்டியிருந்தது. கால் நிற்காத ஆள், அதான் போய்விட்டான் என்றார்கள். கிழவி மட்டும் தினமும், சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம், ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அசைஞ்சானாமே? ஏன் அசைஞ்சான்?"

மருமகள் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். தளும்பிய பானை கொதிக்கும் வரை எறும்புக் கடியோடு நின்றவன், திறந்த மலையில் விளையாடப் போனான் என்பதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நம்பாமல் இருக்க அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு பானையும் விளக்குமாறும்தான். அதை யாரிடம் போய்ச் சாட்சி சொல்வது?

முதலாளி இரக்கம் காட்டினார். முட்டை அறையிலிருந்து அவளை மாடிக்கு மாற்றினார். தகட்டின்மேல் காகிதத்தை வைத்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டினால் படம் தானே ஊறி வரும். அதுதான் மாடி வேலை. அவளிடம் வந்த முதல் தகடே அவள் புருஷன் நின்ற தகடுதான். 'கடைசி நிமிடம்' என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார் முதலாளி. நன்றாகப் போயிற்று. கோலை ஊன்றிக்கொண்டு, கட்டை விரல் நகம் அளவுக்கு அரைப்படி நிற்கிறான். தலைக்கு மேலே வானம் வரை பனி. வலப்பக்கம் கொம்பு மாதிரி ஒரு பாறை. அதன் நிழல் நீண்டு வந்து அவன் காலைத் தொடுகிறது. வெயில் ஏற ஏறக் காகிதத்தில் புருஷன் பழுப்பாக எழுந்து வருவான். எடுத்து மருந்துத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த காகிதத்தை வைப்பாள். மறுபடி எழுந்து வருவான்.

ஏணிக்கு மலையில்லாத மாதங்களில் ஒரு வேலை உண்டு. உதவாத தகடுகளைக் காரத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்வது. முதலாளி கண்ணாடியை உடைக்க விடமாட்டார். ஒரே கண்ணாடியில் மலைமேல் மலை எடுப்பார். ஏணிக்கோ கார நீரில் கைவைத்தால் தோல் எரியும். பெட்டியோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, "அக்கா, உனக்குத்தான் வெயில் காயற நேரமெல்லாம் சும்மா போவுதே, இதையும் பாத்துடு" என்று வைத்துவிட்டுப் போனான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. அவன் என்றைக்குத்தான் பார்த்தான்?

பெட்டியில் நடுவாக இருந்தது அந்தத் தகடு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதே மலை, அதே பாறை, கோலை ஊன்றி அதே ஆள். ஒரே படத்துக்கு இரண்டு தகடு எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, சுரண்டுவதற்குக் கத்தியைக்கூட எடுத்துவிட்டாள். ஏதோ உறுத்தியது. சட்டத்திலிருந்த தகட்டைக் கழற்றி, இதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வானத்துக்கு நேராகப் பிடித்தாள்.

மலைமேல் மலை பொருந்தியது. பாறைமேல் பாறை பொருந்தியது. புருஷன்மேல் புருஷன் பொருந்தினான். கோல் கோலோடு, தோள் தோளோடு, தலை தலையோடு. ஒரு மயிரிழை விலகவில்லை. பாறையின் நிழல் மட்டும் பொருந்தவில்லை. ஒரு தகட்டில் அவன் காலடியில் இருந்த நிழல், இன்னொன்றில் விலகிப் பாறையடிக்கே போயிருந்தது. அவன் நின்ற பனி விளிம்பு முழு வெயிலில் கிடந்தது.

தகடுகளைக் கீழே வைத்தாள். கத்தியையும் வைத்தாள். படி இறங்கி, பின்கட்டில் மருந்துப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் போனாள். இரண்டாவது தகடு எத்தனை நேரம் கழித்து எடுத்தது என்று கேட்டாள்.

எந்தத் தகடு என்றான் ஏணி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். புட்டியை வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். முதலில் முதலாளியைச் சொன்னான். மூடி போட்டதும் துணியை எடுத்தேன், முதலாளி கையைப் பிடித்தார், இரு, ஆட்டாதே, உன் மாமா எவ்வளவு நேரம்தான் நிற்கிறான் பார்க்கலாம் என்றார். தகட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தோம், நின்றுகொண்டிருந்தார். கூடார நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம், நின்றுகொண்டிருந்தார். ஆள்தான் சும்மா நிற்கிறானே, இன்னொரு தகடு போட்டுவிடலாம் என்று முதலாளி சொன்னார். போட்டோம். அதைக் கழுவக் கூடாரத்துக்குள் போனபோதுதான் விளிம்பு உடைகிற சத்தம் கேட்டது.

"நீ என்ன பண்ணே அப்போ?"

"சிரிச்சேன்கா" என்றான் ஏணி. "விளையாட்டுக்குத்தானே. வீட்டுல எறும்பு விட்டோமே, அந்த மாதிரிதான்."

"அவரு எங்க பாத்துக்கிட்டிருந்தாரு?"

ஏணி கழுவி வைத்த புட்டியையே மறுபடி எடுத்தான்.

"என் கையைத்தான்" என்றான்.

அவள் அழவில்லை. தம்பியை அடிக்கவும் இல்லை. மாடிக்குப் போய் இரண்டாவது தகட்டைச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தாள்.

வருஷா வருஷம் கடையின் முன்கூடத்தில் படங்களை மாட்டி முதலாளி ஒரு காட்சி வைப்பார். மலையேறும் கனவான்கள் சங்கம் மொத்தமும் குடும்பத்தோடு வரும். சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. ஒரு பொய்யைப் பார்த்தால் மோப்பம் பிடித்துவிடுவார் என்று பெயர். அவள் கணக்குப் போட்டது அந்த ஒரு மனிதரை நம்பித்தான். அவர் கேட்டால் முதலாளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சபையில், எல்லார் காதிலும் விழ, அரைப்படி அசையவில்லை என்று முதலாளியின் வாயாலேயே வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காட்சியன்று காலையில் 'கடைசி நிமிடம்' படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டாவது படத்தை மாட்டினாள். ஏணி பார்த்துவிட்டுக் கெஞ்சினான், வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போய்விடுவேன், நான் உன் கூடப்பிறந்தவன் என்றான். அவள் சட்டம் கோணலாகத் தொங்குகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நீதிபதி உண்மையிலேயே கெட்டிக்காரர். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இந்த இரண்டின் முன்னால் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். நிழலின்மேல் விரலை வைத்தார். இதற்கும் அதற்கும் எவ்வளவு நேரம் இடைவெளி என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி அப்போதுதான் அந்தப் படத்தையே பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் என்றார். கொஞ்ச நேரத்தில் சூரியன் இவ்வளவு தூரம் போகாதே என்றார் நீதிபதி. ஒரு மணி நேரம் இருக்கும் என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

திரைக்குப் பின்னால் அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஒரு மணி நேரம் அசையாம நின்னானா?" என்றார் நீதிபதி. "பனியிலயா?"

"ஆமாங்க."

நீதிபதி மறுபடி படத்தைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். பிறகு திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. என்ன ஆளுய்யா இவன்! சிலை கூட இப்படி நிக்காது."

கூடம் மொத்தமும் அந்தச் சுவருக்கு நகர்ந்தது. ஒருவர் பையிலிருந்து அளவுகோலை எடுத்து இரண்டு படத்திலும் கோலின் சாய்வை அளந்து பார்த்தார். சரியாக இருந்தது என்று கைதட்டினார்கள். நீதிபதியின் மனைவி பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்டு வேலைக்காரனை அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க வைக்க முடியல. இந்த மாதிரி ஆளெல்லாம் எங்கேருந்துதான் பிடிக்கிறீங்களோ."

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே நீதிபதியின் முன்னால் போய் நின்றாள். கையில் மருந்துக் கறை.

"அவரு அசையலய்யா. துணி ஆட்டல. அதனாலதான் செத்தாரு."

யார் இவள் என்று நீதிபதி பார்த்தார். அந்த ஆளின் சம்சாரம் என்று யாரோ சொன்னார்கள். அவர் முகம் கனிந்தது.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார். "செத்தாலும் அசையல. நீ பெருமைப்படணும்."

இரண்டு படத்தையும் ஜோடியாக முதலில் கேட்டவர் அவர்தான். அதற்குப் பின்னால் வரிசை நின்றது.

அன்று வீட்டுக்குப் போய்த் தட்டை வைத்தபோது கிழவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மருமகள் முதல் தடவையாகப் பதில் சொன்னாள். "அசையல அத்தை. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

கிழவி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "அப்புறம் ஏன் செத்தான்?" என்றாள்.

மறுநாள் முதலாளி மாடிக்கு வந்தார். உன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் என்று நேற்று நினைத்தேன், இன்றைக்கு உனக்குக் கும்பிடு போட வேண்டும் போலிருக்கிறது என்றார். இனிமேல் ஜோடியாகத்தான் விற்பனை. முட்டை அறைக் கதவில் இருந்த மூன்று தலைப் படத்தை அவரே கழற்றிவிட்டார். அதையும் யாரோ கேட்டிருந்தார்கள். அடுத்த பயணத்துக்கு இதே மாதிரி இன்னொரு ஜோடி வேண்டும் என்று சங்கம் சொல்லியிருக்கிறது என்றார். கூலிகளில் ஒருத்தனும் நிற்க வரமாட்டேன் என்கிறான். ஏணியைத்தான் நிறுத்த வேண்டும்.

"அவன் நெட்டையாச்சே" என்றாள் அவள்.

"முட்டி போட்டு நிக்கட்டும். மலை இன்னும் கொஞ்சம் வளரும்" என்றார் முதலாளி. பிறகு, அவளிடம் கடன்பட்டது ஞாபகம் வந்தவர்போல் நின்றார். ஜோடிக்கு வேலை இரண்டு மடங்கு, மாடியில் கை உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் உன் தம்பியை வைத்துக்கொள், மலைக்கு வேறு எவனையாவது அடித்துப் பிடித்துக் கொண்டுபோகிறேன், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

ஏணி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய நிழல் மாடித் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

அவள் சட்டத்தைத் திறந்து, காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிப் படம் ஊறிவிட்டதா என்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வெயில் வேண்டும். மூடினாள்.

"வேணாங்க. எனக்கு ரெண்டு கை போதும்."

சாயங்காலம் ஏணி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. உள்ளே வரும்போது நிலைவாசலில் குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டான். அக்கா, துணியை இனிமேல் முதலாளியே வைத்துக்கொள்ளப் போகிறாராம் என்றான். அவர் எப்போது ஆட்டுவார் என்று யாருக்கும் தெரியாது என்றான். நான் பாதியில் ஓடிவந்துவிட்டால் என்ன செய்வார் என்று கேட்டான். ஓடிவந்தால் கதவில் மாட்டுவார் என்றாள் அவள்.

"ஒரே ஒரு வார்த்தை அக்கா. நாளைக்குக் காலையில சொன்னாக்கூட கேப்பாரு."

அவள் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சுவரைக் காட்டினாள். அந்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஏணியின் மார்பு உயரத்தில்.

"முட்டி போடு."

ஏணி அவளைப் பார்த்தான். அவள் கண்ணில் எதைத் தேடினானோ அது கிடைக்கவில்லை. மெதுவாக முட்டி போட்டு, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டான். தேய்ந்திருந்த இடத்துக்குத் தலை சரியாக வந்தது. யார் அது என்று கட்டிலிலிருந்து கிழவி கேட்டாள்.

அவள் பானையைக் கழுவினாள். தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்தாள். கொண்டுவந்து அடுப்பின்மேல் வைத்தாள்.

"கொதிக்கிற வரைக்கும் அசையாதே" என்று சொல்லிவிட்டுக் கிழவிக்குச் சாப்பாடு போடப் போனாள்.

அடுப்பை அவள் பற்றவைக்கவில்லை.